பால்கனிக்குப் போகாத புகை

டயர் கடையின் இரும்புக் கதவை மேலே தூக்கிவிட்டு, மூலையில் இருந்த சின்ன மின்னடுப்பில் காபி வைத்தார் வெலிமிர். நவம்பர் பிறந்துவிட்டால் போதும், செர்பியாவின் அந்த மலைப்பக்கத்து ஊரில் வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பனிக்கால டயர் ஞாபகம் வந்துவிடும். வாசலில் அதற்குள் கார்கள் வந்து நிற்க ஆரம்பித்திருந்தன. காபி பொங்கி வருவதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சாதனத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வேப். மின்சிகரெட் என்றும் சொல்வார்கள். ஒரு சின்ன தீப்பெட்டியை நீட்டிவிட்ட மாதிரி இருந்தது. அடியில் போன் சார்ஜர் செருகுகிற ஓட்டை. சார்ஜ் இறங்கினால் ஏற்றிக்கொள்ளலாம். உள்ளே இருக்கிற திரவம் தீர்ந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

எதிரில் சிகரெட், பத்திரிகை, பஸ் டிக்கெட் விற்கிற பெட்டிக்கடைக்காரி ஸ்தாமென்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தாள். வெலிமிர் அவளுக்கு வெல்யா.

"என்ன வெல்யா, பரீட்சை முடிஞ்சுதா இல்லையா?"

"அவசரப்படாத. ஒரு டயரை ஓட்டிப் பாக்காம நல்லாருக்குன்னு சொல்லுவேனா நான்?"

"டயரை நீ வாயில வெச்சுப் பாக்கறதில்லையே."

கார்க்காரர்கள் சிரித்தார்கள். வெலிமிரும் சிரித்தார்.

"விளையாட்டு இல்லப்பா," என்றாள் ஸ்தாமென்கா. "வயசு வந்தவங்கதான் வந்து கேக்கறாங்க, உன் வயசு, என் வயசு. சிகரெட்ட விட்டுட்டு தினமும் இதை வெச்சே ஓட்ட முடியுமான்னு. எனக்கு என்ன தெரியும்? நான் சூயிங்கம்கூட மெல்லறதில்ல. வெலிமிர் பாத்துக்கிட்டிருக்காரு, அவரு சொல்லட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அந்தத் தெருவில் அது வழக்கம். துளைபோடும் மிஷின் வாங்கினாலும் சரி, சலவை மிஷின் வாங்கினாலும் சரி, முதலில் வெலிமிரிடம் கேட்பார்கள். பொய் சொல்ல மாட்டார். எந்தக் கம்பெனிக்காரனும் அவருக்கு ஒரு காபிகூட வாங்கிக் கொடுத்ததில்லை. பொருளைக் கையில் வாங்கி, நாலு வாரம் புழங்கி, அப்புறம்தான் வாயைத் திறப்பார்.

"சொல்றேன், கேட்டுக்க," என்றார். "இழுப்பு நல்லா இருக்கு. நெஞ்சுல சிகரெட் மாதிரியே பிடிக்குது. வாய் வறண்டு போகும், தண்ணி குடிச்சுக்கணும். முலாம்பழ வாசனைன்னு போட்டிருக்கான், முலாம்பழத்தை எப்பவோ பஸ் ஜன்னல் வழியா பாத்தவன் செஞ்சிருக்கான். காலைல சார்ஜ் போட்டா சாயங்காலம் வரைக்கும் நிக்குது. திரவம் தீரப்போறப்ப ஒரு கருகல் வாடை வரும், அதோட நிறுத்திடணும். பேட்டரியோட குப்பையில போடக்கூடாது, அதுக்குன்னு தனிப் பெட்டி இருக்கு, அங்க போடணும். சட்டையில நாத்தம் இல்ல. விரல்ல மஞ்சள் இல்ல. காலைல எந்திரிச்சா இருமல் இல்ல."

"அப்போ பத்துக்கு எத்தனை?"

"கடைக்கு எட்டு. வீட்டுக்குப் பத்து."

"வீட்டுக்கு ஏன் பத்து?"

"பால்கனிக்குப் போக வேணாமே!"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாரும் அதற்கு மேல் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஸ்தாமென்காவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் அவள் அதையே சொன்னாள். வெலிமிர் பார்த்துவிட்டார், வீட்டுக்குப் பத்துக்குப் பத்து.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. முப்பது வருஷமாகச் சிகரெட் பிடித்தவர் அவர். ஊரில் ஹோட்டல், சலூன், சீட்டாட்ட மேசை எங்கு பார்த்தாலும் புகை. ஆனால் அவர் வீட்டுக்குள் மட்டும் ஒரு சிகரெட் எரியக்கூடாது. அது மனைவி கோர்தானா போட்ட சட்டம். சின்ன வயதில் அவளுக்கு மூச்சிரைப்பு இருந்தது. அதனால் பனி கொட்டினாலும் வெலிமிர் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு பால்கனியில் நின்றுதான் ஊதுவார். உள்ளே அவள் தனியாக டி.வி. பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவள். கல்யாண வாழ்க்கையில் பாதி சாயங்காலம் அப்படியே போயிருந்தது.

வேப் வந்த பிறகு அவர் சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு இழுப்பு, ஒரு பேச்சு. மறுபடி ஒரு இழுப்பு.

"இது என்ன, என் மேல படுதே?" என்று முதல் நாள் அவள் கேட்டாள்.

"ஆவிதான் கோட்சா," என்றார் அவளைச் செல்லமாகக் கூப்பிட்டு. "தண்ணி கொதிக்கிறப்ப வர்ற மாதிரி. மோந்து பாரு, நாத்தம் அடிக்குதா?"

மோந்து பார்த்தாள். நாற்றம் இல்லை. அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா வெல்யா? ஒரு படத்தை ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் எம் பக்கத்துல உக்காந்து நீ பாக்கறது இதான் முதல் தடவை."

அவருக்கு அந்தச் சின்னச் சாதனத்தைக் கும்பிடலாம் போல இருந்தது. கெட்ட பழக்கத்திலிருந்து விடுவித்து, மனைவி பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்த பொருள் அல்லவா. அந்த நன்றியில் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, எரிந்து தீர்ந்தால் நசுக்கிப் போட வேண்டும். இதற்கு முடிவே கிடையாது. கை அதைத் தேடிக்கொண்டே இருந்தது.

கோர்தானா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை. "பெல்கிரேட் செல்லும் பயணிகள் மூன்றாவது மேடைக்கு" என்று அவள் குரல் ஆற்றைத் தாண்டி காய்கறிச் சந்தை வரைக்கும் கேட்கும். மலையில் பனி விழுந்திருந்தால், "ஸ்லாதிபோர் போறவங்க குல்லா எடுத்துக்கிட்டீங்களா?" என்று சேர்த்துச் சொல்வாள். அது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் ஜனங்கள் நின்று பையைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

நவம்பர் நடுவில் அந்தக் குரல் கரகரத்தது. பிறகு வறட்டு இருமல் வந்தது. சில நாள் "சாச்சாக்" என்று ஊர்ப்பெயரை ஆரம்பித்து, இருமி, மைக்கை அணைத்துவிட்டு, மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

கீழ்வீட்டில் இருக்கிற அவளுடைய சித்தி தெசாங்கா வந்து பார்த்த கையோடு நோயைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"குறுக்குக்காத்து!" என்றாள். "இதுக்கு டாக்டர் வேற எதுக்கு? சமையல் ஜன்னல் திறந்திருக்கு, பால்கனிக் கதவு திறந்திருக்கு, நடுவுல இவ கழுத்து. வேற என்ன ஆகும்?"

அந்த ஊர்க்காரர்களுக்குக் குறுக்குக்காற்று என்றால் எமன். எதிரெதிராக ரெண்டு ஜன்னல் திறந்திருந்தால் நடுவில் இருப்பவனுக்குக் கழுத்துப் பிடிக்கும், பல் வலிக்கும், காது அடைக்கும், வாய்கூடக் கோணிப்போகும். கோடையில் வேர்த்து ஊற்றும் பஸ்ஸில்கூட ஒருவன் ஜன்னலைத் திறந்தால் ஒன்பது பேர் எழுந்து சண்டைக்கு வருவார்கள். பள்ளிக்கூடம் போனவனும் போகாதவனும் இதில் ஒரே கட்சி. வெலிமிரும் அந்தக் கட்சிதான்.

அவர் கை வேலைக்காரர். கடையிலிருந்து ரப்பர் பட்டை கொண்டுவந்து, எல்லா ஜன்னல் இடுக்கிலும் ஒட்டி, ஒரு ஊசி நுழையாதபடி அடைத்தார். கோர்தானாவுக்குக் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி. சுடச்சுட மூலிகைத் தேநீர். ராத்திரி அவள் இருமினால் எழுந்து போய் ஜன்னலை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, கவலையோடு பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு இழுப்பு இழுப்பார்.

வீட்டை அடைக்க அடைக்க இருமல் கூடியது.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா தொண்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "வீட்டுல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?"

"இப்போ யாரும் இல்ல டாக்டர்!" என்றாள் கோர்தானா பெருமையாக. "இவரு விட்டுட்டாரு. கடவுள் புண்ணியத்துல."

"சபாஷ்," என்று டாக்டரம்மா வெலிமிரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மருந்து எழுதிக் கொடுத்தார். பேசாமல் ஓய்வாக இருக்கச் சொன்னார்.

பஸ் நிலைய மேலாளர் ஓப்ராத் கெட்ட மனுஷர் இல்லை. அவளைக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கோர்தானா, பெல்கிரேட்ல இருந்து பதிவு பண்ணின குரல் அனுப்பறேன்றாங்க. பொத்தானை அமுக்கினா அதுவே சொல்லிடும். இத்தனை நாளா நான்தான் வேணாம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். புது வருஷத்துக்குள்ள உன் குரல் சரியாகலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஜனங்க எந்த மேடைன்னு புரியாம ஓடறாங்க."

"வேற வேலை?"

"கழிப்பறை வாசல்ல டிக்கெட் கொடுக்கற இடம் காலியா இருக்கு."

அன்று சாயங்காலம் அவள் அழவில்லை. சோபாவில் உட்கார்ந்து, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, மேடை எண்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெலிமிர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் அந்தச் சாதனம்.

டிசம்பர் ஆரம்பத்தில் அவர்கள் குடும்பத்தின் காவல் புனிதர் நாள் வந்தது. செர்பியக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு பெருநாள் உண்டு. அழைப்பு கிடையாது. வருகிறவர்கள் வருவார்கள், வீட்டுக்காரன் நாள் முழுக்க உட்காராமல் நின்றபடி பரிமாற வேண்டும். காலையில் பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டிவிட்டுப் போனார். மேசை நடுவில் பெரிய தேன்மெழுகு மெழுகுவத்தி எரிந்தது. அது தானாக எரிந்து அடங்க வேண்டும். நடுவில் அணைந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். நோன்புக் காலம், அதனால் இறைச்சி இல்லை. வறுத்த மீன், அடுப்பில் சுட்ட பீன்ஸ், முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டியது.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. எல்லாரும் வெலிமிரைக் கட்டிக்கொண்டு, "வீட்டுக்காரரே, பெருநாள் வாழ்த்து! சிகரெட்டை விட்டுட்டீராமே!" என்று முதுகில் தட்டினார்கள். கோர்தானாவின் சட்டத்துக்கு மரியாதையாக, புகைக்கிற விருந்தாளிகள் ஒவ்வொருவராக எழுந்து பால்கனிக்குப் போய்க் குளிரில் நின்று ஊதிவிட்டு வந்தார்கள். கதவு அரை நொடி திறந்தாலும் தெசாங்கா சித்தி உள்ளேயிருந்து கத்துவாள்.

"மூடு! மூடு! பொண்ணு ஏற்கெனவே சாகக் கிடக்கறா!"

கோர்தானாவை வேலை செய்ய விடாமல் மேசைத் தலைப்பில் உட்காரவைத்திருந்தார்கள். கழுத்தில் துணி. யார் வாழ்த்தினாலும் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் வெலிமிர் நின்றார். நாற்காலி முதுகில் ஒரு கை. ஒருவருக்கு ராக்கியா என்கிற பழச்சாராயம் ஊற்றுவார், ஒரு இழுப்பு இழுப்பார், அவள் தலைக்கு மேலே மெல்ல விடுவார். மறுபடி ஊற்றுவார்.

பால்கனியில் ஸ்ரேதென் நின்றுகொண்டிருந்தார். ரயில்வேயில் வேலை. வெலிமிருக்கும் கோர்தானாவுக்கும் கல்யாணத்தில் சாட்சி நின்ற தோழர். கூம் என்று அங்கே சொல்வார்கள், அண்ணன் தம்பிக்கும் மேலான உறவு அது. கூம் சொன்னால் தட்டக்கூடாது. பெருநாளன்று சொன்னால் தட்டவே முடியாது. சிகரெட்டைப் பாதியில் வைத்துக்கொண்டு அவர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். எதிர்ப்பக்கம் சமையல் ஜன்னலில் மாலை வெயில் சாய்வாக விழுந்து இவரைப் பார்த்து வந்தது. அந்த வெளிச்சத்தில் வீடு முழுக்க வெள்ளையாக, பால் கலந்த தண்ணீர் மாதிரி ஏதோ நின்றுகொண்டிருந்தது. மெழுகுவத்தியைச் சுற்றி ஒரு வளையம். கோர்தானாவின் தலை அந்த வெள்ளைக்கு உள்ளே இருந்தது.

அவர் சிகரெட்டை நசுக்கினார். கதவை அகலமாகத் திறந்தார். அப்படியே விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் மேசையைத் தாண்டிச் சமையல் பக்கம் போய், ரப்பர் பட்டை கிழியக் கிழிய ஜன்னலை இழுத்துத் திறந்தார்.

மலைக்காற்று வீட்டுக்குள் ஓடியது.

"ஐயோ! குறுக்குக்காத்து!" தெசாங்கா சித்தி மேசையில் இருந்த கைத்துண்டை எடுத்துத் தலையில் போர்த்திக்கொண்டாள். "கொல்றானே! பெருநாளும் அதுவுமா கொல்றானே!"

"ஏய் ஸ்ரேதென், பைத்தியமாய்யா உனக்கு?" "என் காது! என் காது!" ஆளாளுக்குக் கழுத்தைப் பொத்தினார்கள். ஒருவர் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மெழுகுவத்திச் சுடர் படுத்துவிட்டது. வெலிமிர் பாய்ந்து போய் ரெண்டு கையையும் குவித்து அதை மறைத்துக்கொண்டார்.

"கூம்! மெழுகுவத்தி அணையப் போகுது! ஜன்னலை மூடு! எம் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்," என்றார் ஸ்ரேதென். "மெழுகுவத்திக்கு ரெண்டு கையும் வெச்சு மறைக்கிறியே வெலிமிர். திரும்பி உம் பொண்டாட்டியப் பாரு."

வெலிமிர் திரும்பினார்.

காற்று இழுத்த இழுப்பில் அதுவரை அசையாமல் நின்ற வெள்ளை அசைந்தது. அசைந்தபோதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கோர்தானாவின் முடியிலிருந்து, கழுத்துத் துணியிலிருந்து, அவள் முகத்தை உரசிக்கொண்டு பட்டை பட்டையாகப் பால்கனியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அது வெறும் ஆவி," என்றார் வெலிமிர். குரல் இறங்கிவிட்டது. "நான் பரிசோதிச்சுப் பாத்தேன். நாத்தமே இல்ல. ஆவிதான்."

"நாங்க அஞ்சு பேரு குளிர்ல நடுங்கிக்கிட்டு வெளியே நின்னு ஊதறோம், உம் பொண்டாட்டி மேல படக்கூடாதுன்னு. நீ உள்ளே நின்னு, அவ தலை மேலயே விடற. எங்கள்ல யாருய்யா சிகரெட்ட விட்டவன்?"

தெசாங்கா சித்தி துணிக்குள்ளிருந்து, "பேசறதை ஜன்னலை மூடிட்டுப் பேசுங்கடா," என்றாள்.

ஒருவர் மூடுவதற்கு எழுந்தார்.

"மூடாதீங்க," என்றாள் கோர்தானா.

கரகரத்த குரல்தான். ஆனால் இருமல் நடுவில் வெட்டவில்லை. பிறந்ததிலிருந்து குறுக்குக்காற்றுக்குப் பயந்து வளர்ந்தவள், கழுத்துத் துணியை அவிழ்த்து மடியில் வைத்தாள். கண்ணை மூடி ஒரு முறை நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினாள்.

"கொஞ்ச நேரம் விடுங்க. நல்லா இருக்கு."

வெலிமிர் அதுவரைக்கும் அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்ததே இல்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் பார்த்ததில்லை. கையில் இருந்த சாதனத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அடுத்த வாரம் ரெண்டு பேரும் டாக்டரம்மாவிடம் மறுபடி போனார்கள். இந்தத் தடவை வெலிமிரே பேசினார். நாள் முழுக்க ஊதியது, ஜன்னலை அடைத்தது, அவள் தலைக்கு மேலே விட்டது எல்லாவற்றையும் சொன்னார்.

"சிகரெட் உண்டான்னுதான் கேட்டேன். வேப் உண்டான்னும் நான் கேட்டிருக்கணும்," என்றார் டாக்டரம்மா. "வெலிமிர், அது தண்ணி ஆவி இல்ல. நிக்கோட்டின் இருக்கு, வாசனைக்குப் போடற ரசாயனம் இருக்கு, கண்ணுக்குத் தெரியாத பொடித் துளி இருக்கு. சிகரெட்ட விட்டீங்க, அது நல்லதுதான், அன்னைக்குச் சொன்ன சபாஷை நான் திரும்ப வாங்கிக்க மாட்டேன். ஆனா கெடுதல் கம்மின்றது வேற, கெடுதலே இல்லன்றது வேற. அதுலயும் மூடின வீட்டுல, மூச்சிரைப்பு இருந்தவங்க பக்கத்துல!"

"அப்போ குறுக்குக்காத்து?" என்று கோர்தானா மெதுவாகக் கேட்டாள்.

டாக்டரம்மா அக்கம்பக்கம் பார்த்தார். "இதை எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க. ஜன்னலைத் திறந்து வைங்க."

வெலிமிர் வீட்டுக்கு வந்து ரப்பர் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். வேப்போடு பால்கனிக்குப் போய் நின்றார். அங்கே நின்று பார்த்தால்தான் தெரிந்தது, கை எத்தனை தடவை அதைத் தேடுகிறது என்று. கோட்டை மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி அலுத்துப்போனார். சுகாதார நிலையத்தில் பழக்கத்தை விடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிற இடம் இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வெட்கத்தை விட்டுப் போனார். வேப்பை விடுவது லேசாக இல்லை. கடையில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தார், ஒரு நாள் நல்ல டயரை ஓட்டை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்து உதடு புண்ணானது. ஆனால் கோர்தானாவின் இருமல் ஒரு நாளைக்குக் கொஞ்சம் குறைவதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு எதுவும் அவரைப் பிடித்து நிறுத்தியிருக்காது.

புது வருஷத்துக்கு முன்னால் ஓப்ராத் கண்ணாடி அறைக்கு வெளியே வந்து நின்று கேட்டார். குரல் முழுசாகத் திரும்பவில்லை, அடியில் ஒரு சொரசொரப்பு இருந்தது. ஆனால் ஒவ்வொரு மேடை எண்ணும் தெளிவாக விழுந்தது. "பதிவு பண்ணின குரலுக்கு மலைல பனி விழுறது எப்படிம்மா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, பெல்கிரேடுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடப் போனார்.

அன்றே வெலிமிர் ஸ்ரேதென் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கூம், எல்லார் முன்னாடியும் எம் மானத்தை வாங்கின. அதுக்கு நன்றி சொல்ல வந்தேன். நீ வாயை மூடிக்கிட்டுப் போயிருந்தா அவ குரல் போயிருக்கும். நான் அப்பவும் ஜன்னலைத்தான் அடைச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

"எனக்கு எதுக்குய்யா நன்றி? நான் பால்கனில நின்னது சிகரெட்டுக்காக. நல்லெண்ணத்துல நிக்கல," என்றார் ஸ்ரேதென். பிறகு காதைச் சொறிந்துகொண்டே, "அந்த ஆலோசனை சொல்ற இடம்... என்னைக்குத் திறந்திருக்கும்?" என்று கேட்டார்.

அப்புறம் வெலிமிர் ஸ்தாமென்காவிடம் போனார். தான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். யார் யாருக்குச் சொன்னாளோ அவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிடும்படி கேட்டார். சொன்னால் வியாபாரம் குறையும். ஆனாலும் அவள் சொன்னாள்.

ஜனவரியில் ஒரு நாள் ரொட்டி வேன் ஓட்டுகிற ஒருவர் பஞ்சர் ஒட்ட வந்தார். கையில் புது வேப். வேனில் அவர் மனைவி ரொட்டிக் கூடைகளுக்கு நடுவே, ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து கடைக்கு வந்திருந்த கோர்தானா ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது எப்படி? எல்லாப் பொருளையும் நீங்கதான் பாத்துச் சொல்லுவீங்கன்னாங்க," என்றார் வேன்காரர். "நாள் முழுக்க ரெண்டு பேரும் வேனுக்குள்ளதான். இதுன்னா ஜன்னலைக்கூடத் திறக்க வேணாமாமே?"

வெலிமிர் சக்கரத்தைக் கீழே வைத்தார். "எல்லாத்தையும் பாத்தேன் தம்பி. சார்ஜ் பாத்தேன், இழுப்பு பாத்தேன், ருசி பாத்தேன். பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னு மட்டும் பாக்கல. சிகரெட்ட விடணும்னு நினைக்கிறீங்களே, நல்லது, டாக்டர்கிட்ட போங்க, வழி சொல்லுவாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா அந்த வேனுக்குள்ள மட்டும் ஊதாதீங்க."

"அப்போ பத்துக்கு எத்தனைதான் போடறீங்க?"

வெலிமிர் பதில் சொல்ல வாயெடுத்தார். கோர்தானா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சந்தை வரைக்கும் கேட்கிற தன் குரலில் சொன்னாள்.

"அவரைக் கேக்காதீங்க, தம்பி. வேன்ல உக்காந்திருக்காங்களே, அவங்களைக் கேளுங்க. மூடின இடத்துல ஊதற பொருளுக்கு மார்க் போட வேண்டியது ஊதறவங்க இல்ல, பக்கத்துல உக்காந்து அந்த மூச்சை வாங்கறவங்க."